இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட்டை எடைபோடுவது எப்படி?

இடுப்பு மூட்டை மாற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு இம்ப்ளான்ட்டின், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டின், பெயரும் வருகிறது. "நல்ல பொருள், புது டெக்னாலஜி" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் நிறுவனத்தின் விளம்பரம்; இன்னொரு பக்கம் வழக்கு, இழப்பீடு, திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்று வயிற்றைக் கலக்கும் செய்திகள். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் நோயாளியாக இருக்கலாம், அவருடைய மகனோ மகளோவாக இருக்கலாம், எலும்பியல் துறைக்குப் புதிதாக வந்த மாணவராகவோ மருத்துவமனைக் கொள்முதல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். பார்க்க வேண்டிய விஷயம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். இது மிக நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் மூட்டு மாற்றப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டது. பொருத்திய மூட்டுகளில் 15 ஆண்டுக்குப் பிறகும் சுமார் 89 சதவீதம் மாற்றப்படாமல் இருந்தன; 20 ஆண்டில் அது 70 சதவீதம், 25 ஆண்டில் 58 சதவீதம். இவ்வளவு நீண்ட கணக்கு இருப்பவை எல்லாம் பழைய மூட்டுகள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றில் பலவற்றின் பொருள்கள் இன்று மேம்பட்டுவிட்டன.

ஆனால் எல்லா இம்ப்ளான்ட்டும் ஒன்றல்ல. நல்லதுக்கும் மோசமானதுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அந்த வித்தியாசத்தை வடிவமைப்போ விலையோ உலோகத்தின் பெயரோ சொல்லாது. எத்தனை பேருக்குப் பொருத்தினார்கள், எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள், எத்தனை பேருக்குத் திரும்பவும் திறந்து மாற்ற வேண்டி வந்தது, இதை எண்ணியவர் யார்? இந்தக் கணக்கு மட்டுமே சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கைத் தேடிப் பிடிக்கவும் ஏமாறாமல் படிக்கவும்தான்.

முதல் படி: பெயரை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்

செயற்கை இடுப்பு மூட்டு ஒரே பொருள் இல்லை. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு ஒன்று. அதை ஸ்டெம் என்பார்கள். அதன் கழுத்தில் செருகும் பந்து ஹெட். இடுப்பெலும்பில் உட்காரும் கிண்ணம் கப். கிண்ணத்துக்குள்ளே, பந்து உருளும் உட்பகுதி லைனர். ஸ்டெம்மையும் கப்பையும் எலும்பு சிமென்ட் வைத்துப் பிடிக்க வைக்கலாம். சிமென்ட் இல்லாமல் இறுக்கிச் செருகி, அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளவும் விடலாம். ஒருவருக்கே ஸ்டெம்மைச் சிமென்ட்டோடும் கப்பைச் சிமென்ட் இல்லாமலும் வைப்பது உண்டு.

ஆகவே "எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் போதாது. ஒரே கம்பெனியில் அருமையான ஸ்டெம்மும் இருக்கும், தோற்றுப்போன கப்பும் இருக்கும். ஒரு தாளில் நான்கு வரி எழுதி வாங்குங்கள். ஸ்டெம்மின் முழுப் பெயர், மாடல், சிமென்ட் உண்டா இல்லையா. கப்பின் முழுப் பெயர். லைனர் எந்தப் பொருள். ஹெட் எந்தப் பொருள், எத்தனை மில்லிமீட்டர். இந்த நான்கும் சேர்ந்த சேர்க்கையைத்தான் நாம் எடைபோடப் போகிறோம்.

ஏன் இவ்வளவு துல்லியம் என்று தோன்றலாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் உருவான எக்ஸிடர் ஸ்டெம்மின் கதை இதற்கு நல்ல பதில். 1970இல் அது பளிங்குபோல் மெருகேற்றிய பரப்போடு வந்தது. 1976இல் அந்தப் பரப்பை மெருகில்லாத மங்கல் பரப்பாக மாற்றினார்கள். கேட்டால் மிகச் சின்ன மாற்றம். ஆனால் தளர்ந்துபோகும் மூட்டுகள் கூடின. மெருகேற்றிய ஸ்டெம் சிமென்ட்டுக்குள் இம்மியளவு கீழிறங்கி ஆப்புபோல் இறுகிக்கொள்கிறது. மங்கல் பரப்பு அப்படி அசையும்போது சிமென்ட்டையே அரைத்துவிடுகிறது. 1986இல் பழைய மெருகுக்கே திரும்பினார்கள். இன்று உலகில் மிக நீண்ட, மிக நல்ல கணக்கு உள்ள ஸ்டெம்களில் அதுவும் ஒன்று.

இதே பாடத்தின் இன்னொரு பக்கம் 3எம் நிறுவனத்தின் கேப்பிடல் மூட்டு. இங்கிலாந்து மருத்துவர் சார்ன்லி வடிவமைத்து நெடுநாள் நன்றாக உழைத்த மூட்டைப்போலவே, ஆனால் குறைந்த விலையில், 1991இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் தளர்வதாகத் தெரிந்து 1998இல் அரசு எச்சரிக்கை விடுத்தது. சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. யார் யாருக்கு எது வைக்கப்பட்டது என்று ஒரே இடத்தில் பதிவே இல்லாததால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. "அதே மாதிரிதான் சார், விலைதான் கம்மி" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை "அதே மாதிரி" என்பது வேறு பொருள். அதற்கு அதன் சொந்தக் கணக்கு வேண்டும்.

இரண்டாம் படி: எதோடு எது உராய்கிறது என்று பாருங்கள்

சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. தடுக்கித் தடுமாறினால் அது எட்டு மடங்கு வரைகூடப் போகலாம். இந்த விசையோடு ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி அளவில் பந்தும் கிண்ணமும் உராய்கின்றன. அதனால் உராயும் பரப்பு எது என்பதுதான் நீண்டகாலப் பாதுகாப்பின் மையம்.

நவீன இடுப்பு மூட்டின் தந்தை என்று சொல்லப்படும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணம் வைத்துத் தொடங்கினார். வழுக்கலான பொருள், உராய்வு குறைவு. எண்ணம் சரியாகத்தான் இருந்தது. நோயாளிகளுக்கு வலி போனது, நடந்தார்கள், மகிழ்ந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் பாழாக்கத் தொடங்கின. ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய மூட்டுகள் தோல்வியில் முடிந்தன. 1962இல் அவர் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அதன் பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைத்தது. முதல் ஆண்டில் நோயாளி நன்றாக நடப்பது இம்ப்ளான்ட் நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

பாலிஎத்திலீனும் தேயத்தான் செய்யும். தேய்ந்து விழும் நுண்துகள்களை உடலின் செல்கள் விழுங்கி, அந்த எதிர்வினையில் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. பிறகு மூட்டு தளர்கிறது. ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் எலும்புக் கரைவு வரும் வாய்ப்பு கூடும் என்றும், 0.05க்குக் கீழே இருந்தால் அது அரிது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1990களின் இறுதியில் வந்த கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன், அதாவது கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிட்ட வகை, இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. ஆஸ்திரேலியப் பதிவேட்டின் நீண்டகாலக் கணக்கில் பழைய பாலிஎத்திலீனைவிட (சுருக்கமாகப் பாலி) இதற்கு மறு அறுவை சிகிச்சை ஏறத்தாழ பாதிதான். உலோகப் பந்தோ பீங்கான் பந்தோ, லைனர் கிராஸ்லிங்க்டு பாலியாக இருந்தால் நீங்கள் ஆழமான கணக்கு உள்ள தரையில் நிற்கிறீர்கள் என்று சொல்வேன்.

பீங்கானோடு பீங்கான் உராயும் மூட்டில் தேய்மானம் மிகமிகக் குறைவு. சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வரலாம். பீங்கான் உடைவதும் உண்டு, ஆனால் இன்றைய பீங்கானில் அது மிக அரிது. உடைந்தால் மட்டும் துண்டுகளை முழுதாக எடுப்பது கடினம்.

உலோகத்தோடு உலோகம் உராயும் பெரிய பந்து மூட்டை யாராவது முன்வைத்தால் நிறுத்திக் கேளுங்கள். கோபால்ட், குரோமியம் துகள்கள் மூட்டைச் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைத்ததால்தான் உலகம் முழுக்க அந்த வகை ஏறக்குறைய கைவிடப்பட்டது. எலும்பின் தலையை வெட்டாமல் மேலே உலோக உறை மாட்டும் ரீசர்ஃபேசிங் மட்டும், நல்ல எலும்பும் பெரிய உடற்கட்டும் உள்ள இளம் ஆண்களுக்குச் சில இடங்களில் தொடர்கிறது. அதிலும் பர்மிங்காம் ரீசர்ஃபேசிங் மூட்டின் சிறிய அளவுகளை நிறுவனமே 2015இல் திரும்பப் பெற்றது. பெண்களுக்கு அது ஏற்றதல்ல என்றும் அறிவித்தது.

உராய்வு பந்தில் மட்டும் நடப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு உலோகத் துண்டுகள் செருகிச் சேரும் ஒவ்வோர் இணைப்பும் அரிப்புக்கு வாய்ப்புள்ள இடம். ஸ்டெம்மின் கழுத்தையே கழற்றி மாட்டும்படி வந்த ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் ரெஜுவனேட் மூட்டு 2012இல் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் அந்த இணைப்பின் அரிப்புதான். அறுவை மேசையில் வசதி கூடியது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் இணைப்பு ஒன்று கூடினால் கேள்வியும் ஒன்று கூடுகிறது.

மூன்றாம் படி: "அனுமதி பெற்றது" என்பதன் எடையை அறிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் பெரும்பாலான இடுப்பு இம்ப்ளான்ட்டுகள் 510-கே என்ற வழியில் சந்தைக்கு வருகின்றன. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு இது ஈடானது என்று காட்டினால் போதும். பொதுவாக மனிதர்களிடம் நீண்டகாலச் சோதனை கேட்பதில்லை. ஐரோப்பாவில் இடுப்பு மூட்டுகள் மிக உயர்ந்த ஆபத்து வகுப்பில் வைக்கப்பட்டு, 2021 மே முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி கூடுதல் மருத்துவ ஆதாரம் கேட்கப்படுகிறது. எந்த நாட்டின் முத்திரையாக இருந்தாலும் அது நுழைவுச் சீட்டு. பத்து ஆண்டு தாங்கும் என்ற உறுதிமொழி அல்ல.

ஆய்வகச் சோதனையும் அப்படித்தான். உலகத் தரமான ஐஎஸ்ஓ 14242இன்படி மூட்டை ஓர் இயந்திரத்தில் மாட்டி 50 லட்சம் சுழற்சி நடக்க வைத்துத் தேய்மானத்தை அளக்கிறார்கள். இது தேவையான வடிகட்டி. ஆனால் இயந்திரத்தில் கப் சரியான சாய்வில் இருக்கும்; மனித உடலில் சில பாகை கூடக் குறைய அமையும். சாய்வு சற்று மாறினாலே விளிம்பில் உராய்ந்து வேகமாகத் தேயும் வடிவமைப்பு, இயந்திரத்தில் அருமையாகத் தேறிவிடும்.

நான்காம் படி: பதிவேட்டைத் திறங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சில நாடுகள் தங்கள் நாட்டில் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்றங்களை எல்லாம் ஒரே பதிவேட்டில் எழுதி வைக்கின்றன. சுவீடன் 1979இல் தொடங்கியது, நார்வே 1987இல், ஆஸ்திரேலியா 1999இல், இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 2003இல். இவற்றின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நாட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் அதே இம்ப்ளான்ட் அந்த நாடுகளில் பயன்படுகிறதா என்று பார்த்துவிடலாம். முதல் படியில் எழுதி வாங்கிய தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

அறிக்கையில் ஸ்டெம், கப் ஜோடி ஜோடியாக நீண்ட அட்டவணை இருக்கும். உங்கள் ஜோடியின் வரியைக் கண்டுபிடித்ததும் நான்கு எண்களைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு மறு அறுவை சிகிச்சை, 1, 5, 10, 15 ஆண்டுகளில் சதவீதம், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள். கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு எண்களைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையான சதவீதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் என்பது அதன் பொருள்.

கற்பனையாக இரண்டு மூட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 8,000 பேருக்குப் பொருத்தியது, 10 ஆண்டில் 3.2 சதவீதம், அடைப்பில் 2.8 முதல் 3.7 வரை. இரண்டாவது புதியது, 120 பேர், 3 ஆண்டு, ஒருவருக்குக்கூட மறு அறுவை சிகிச்சை இல்லை. பூஜ்யம்! பார்த்தவுடன் இரண்டாவதுதான் மனதை இழுக்கும். ஆனால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எதுவுமே நடக்கவில்லை என்றால், 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உண்மை விகிதம் அதுவரைகூட இருந்திருக்கலாம். 3ஐ 120ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். மூன்றே ஆண்டில் 2.5 சதவீதம் தோற்கும் மூட்டுகூட, 120 பேரில் பூஜ்யமாகக் காட்சி தரலாம். பத்து ஆண்டில் அது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. முதலாவதன் 3.2 சதவீதமோ எண்ணிப் பார்த்துச் சொன்னது. எனக்கு வேண்டியவர் கேட்டால் யோசிக்காமல் முதலாவதைத்தான் சொல்வேன்.

சரி, எவ்வளவு இருந்தால் நல்லது? சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000இல் 10 ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அளவுகோல் வைத்தது. 2014இல் அதை 5 சதவீதமாக இறுக்கியது. அட்டவணைகளைப் படிக்கச் சிரமமாக இருந்தால் அதே நாட்டின் ஓடெப் என்ற மதிப்பீட்டுக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு ஸ்டெம்முக்கும் கப்புக்கும் ஓர் எண்ணும் எழுத்தும் தருகிறார்கள். எண், எத்தனை ஆண்டு ஆதாரம் என்பது. எழுத்து, அந்த ஆதாரத்தின் வலிமை. 10 என்ற எண்ணோடு ஏ எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால், பத்து ஆண்டு ஆதாரம் வலுவாக இருக்கிறது, மாற்றப்பட்டவை 5 சதவீதத்துக்குள் என்று பொருள். 13, 15 என்று மேலே போனால் இன்னும் நல்லது.

பதிவேட்டின் பலம் என்ன என்பதற்கு டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டைவிடப் பெரிய உதாரணம் இல்லை. உலோகத்தோடு உலோகம் உராயும் வகை. கிண்ணத்தின் ஆழம் குறைவு என்பதால் சாய்வு சற்று மாறினாலும் விளிம்பில் உராய்ந்தது. 2007இலேயே ஆஸ்திரேலியப் பதிவேடு இதில் மறு அறுவை சிகிச்சை அதிகம் என்று அடையாளம் காட்டியது. 2009 டிசம்பரில் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டில் 12, 13 சதவீதம் பேருக்கு மாற்ற வேண்டி வந்தது என்று இங்கிலாந்துப் பதிவேடு காட்டியது. எச்சரிக்கை மணி அடித்ததற்கும் கதவு மூடியதற்கும் இடையில் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் அறிக்கையைத் திறந்து பார்த்த மருத்துவர்களின் நோயாளிகள் தப்பித்தார்கள். நான் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது அதனால்தான்.

ஐந்தாம் படி: எண்ணை நியாயமாக ஒப்பிடுங்கள்

பதிவேட்டு எண்ணும் தவறாகப் படித்தால் ஏமாற்றும். முதல் காரணம் வயது. 2017இல் லான்செட்டில் வந்த ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை வரும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை. ஒரு மூட்டைப் பெரும்பாலும் முதியவர்களுக்கும் இன்னொன்றை ஓடியாடும் நடுவயதினருக்கும் பொருத்தியிருந்தால், இரண்டின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம். அறிக்கைகளில் வயது வாரியாகவும் ஆண், பெண் வாரியாகவும் பிரித்த அட்டவணை இருக்கும். உங்கள் வயதுக்கானதை எடுங்கள்.

வயது முடிவையே மாற்றும் இடமும் உண்டு. 75 வயதைத் தாண்டியவர்களின் எலும்பு மென்மையாக இருப்பதால், சிமென்ட் இல்லாத ஸ்டெம்மை இறுக்கிச் செருகும்போதோ கொஞ்ச நாளிலோ எலும்பு விரிசல் விடும் ஆபத்து கூடுதல். பல நாட்டுப் பதிவேடுகளும் இந்த வயதினருக்குச் சிமென்ட் வைத்த ஸ்டெம்மே பாதுகாப்பு என்று காட்டுகின்றன. சிமென்ட் என்றால் பழைய முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, ஏன் மாற்றினார்கள் என்பது. தளர்வு, மூட்டு நழுவுதல், தொற்று, எலும்பு முறிவு ஆகிய நான்கும்தான் பெரும்பான்மை. தொற்றுக்கு இம்ப்ளான்ட்டைவிட அறுவை அரங்கும் நோயாளியின் உடல்நிலையும் காரணம். நழுவுதலில் பந்தின் அளவு, கப்பின் சாய்வு, மருத்துவரின் கை எல்லாம் சேரும். தளர்வும் தேய்மானமும் அதிகமாகத் தெரிந்தால் பொருளைச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பதிவேடு எண்ணுவது மறு அறுவை சிகிச்சையை, வலியை அல்ல. மூட்டு தளர்ந்து வலியோடு இருக்கும் 85 வயதுப் பாட்டி, இன்னோர் அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர் கணக்கில் வெற்றியாகவே நிற்பார்.

ஆறாம் படி: பலனையும் கேளுங்கள்

அதனால்தான் நோயாளியே சொல்லும் மதிப்பெண் வந்தது. ஆக்ஸ்போர்டு ஹிப் ஸ்கோர் என்பதில் 12 கேள்விகள்: இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, காலுறை போட முடிகிறதா, படி ஏற முடிகிறதா, எவ்வளவு நேரம் நடந்தால் வலி கடுமையாகிறது, இப்படி. மொத்தம் 48, கூடக் கூட நல்லது. அறுவைக்கு முன் ஒரு முறை நிரப்பி வையுங்கள், ஓர் ஆண்டுக்குப் பிறகு இன்னொரு முறை. நன்றாகத் தேறிய இம்ப்ளான்ட்டுகளுக்குள் இந்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. "இந்த மாடலில் ஓடலாம், ஆடலாம்" என்று ஒரு பிராண்டுக்கு மட்டும் சொன்னால் மதிப்பெண் ஆதாரம் எங்கே என்று கேளுங்கள்.

ஏழாம் படி: புதிய மூட்டு என்றால்

பத்து ஆண்டுக் கணக்கு இல்லாத எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி எல்லாரும் சொல்லியிருந்தால் கிராஸ்லிங்க்டு பாலி நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் புதிது படிப்படியாக வர வேண்டும். ஆய்வகச் சோதனை, பிறகு சிலரிடம் நுட்பமான அளவீடு, பிறகு பல மருத்துவமனைகளில், அப்புறம்தான் எல்லாருக்கும்.

அந்த நுட்பமான அளவீட்டை ஆர்எஸ்ஏ என்பார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் 1970களில் யோரன் செல்விக் உருவாக்கிய முறை. அறுவையின்போது எலும்பில் ஒரு மில்லிமீட்டர் அளவு டாண்டலம் என்ற உலோகத்தாலான மணிகளைப் பதித்துவிட்டு, இரண்டு கோணங்களில் ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மூட்டு எலும்புக்குள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் தெரிந்துவிடும். இரண்டு ஆண்டில் கப் 0.2 மில்லிமீட்டருக்குள் மேலேறியிருந்தால் நம்பிக்கை. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் பின்னாளில் தளரும் என்பதற்கு வலுவான அறிகுறி. முப்பது, நாற்பது பேரை வைத்து இரண்டே ஆண்டில் இவ்வளவு சொல்லக்கூடிய வேறு சோதனை இல்லை. புதிய மூட்டை முன்வைப்பவரிடம் "ஆர்எஸ்ஏ முடிவு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கூடவே நிறுவனம் காட்டும் ஆய்வுக் கட்டுரையில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். எழுதியவர்களில் அந்த மூட்டை வடிவமைத்தவர் இருக்கிறாரா என்பது ஒன்று. பின்தொடர்வில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. 200 பேரில் 4 பேருக்கு மட்டுமே தோல்வி, 2 சதவீதம் என்று எழுதியிருக்கும். 30 பேர் திரும்பி வரவே இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த 30 பேரும் வலியோடு வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால் தோல்வி 17 சதவீதம். அவ்வளவு மோசமாக இருக்காதுதான். ஆனால் 2க்கும் 17க்கும் நடுவில் எங்கே என்று அந்தக் கட்டுரையால் சொல்ல முடியாது.

எட்டாம் படி: திரும்பப் பெறும் அறிவிப்புகளும் லாட் எண்ணும்

நல்ல வடிவமைப்பும் தொழிற்சாலையில் கெடலாம். 2000 டிசம்பரில் சல்சர் நிறுவனம் தன் இன்டர்-ஆப் கப்பைத் திரும்பப் பெற்றது. காரணம், தயாரிப்பின்போது கப்பில் படிந்து நின்ற இயந்திர எண்ணெய். எலும்பு அதைப் பற்றவில்லை. 2001இல் பிரான்சில் தயாரான ப்ரோசிர் என்ற சிர்கோனியா பீங்கான் பந்துகள் உடையத் தொடங்கின. சூளையை மாற்றியதுதான் காரணம் என்று கண்டார்கள், சில தொகுப்புகளுக்கு மட்டுமே அந்தக் குறை. எக்ஸாக்டெக் நிறுவனத்தின் சில பாலி லைனர்கள் 2021 முதல் திரும்பப் பெறப்பட்டன. ஆக்சிஜனைத் தடுக்கும் ஓர் அடுக்கு உறையில் விடுபட்டதும் அந்த நடவடிக்கைகளுக்குக் காரணமானது. அலமாரியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும் அபாயம் அது.

இப்படிப்பட்ட குறைகளை மாடல் பெயர் காட்டாது. ஒரே தொகுப்பில் தயாரானவற்றுக்கு இடும் லாட் எண்தான் காட்டும். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் மாடல் எண், லாட் எண் கொண்ட ஒட்டுச்சீட்டுகள் வரும். அறுவை அரங்கில் அவற்றை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெயரைத் தேடும்போது அந்தந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு மருத்துவரோடு மல்லுக்கட்டப் போகாதீர்கள். பல ஆண்டுகள் கைக்குப் பழகிய ஒரு நல்ல இம்ப்ளான்ட்டை அவர் பொருத்துவது, பட்டியலில் இன்னும் அரைச் சதவீதம் மேலே இருக்கும் இன்னொன்றை முதல் தடவையாகப் பொருத்துவதைவிட மேல். இப்படிக் கேட்டால் போதும்: "டாக்டர், இந்த ஸ்டெம்மையும் கப்பையும் நீங்கள் எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள்? பத்து வருஷக் கணக்கு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? என் வயசுக்குச் சிமென்ட் வைப்பது நல்லதா? இந்தக் கம்பெனியோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?" கடைசிக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். நேர்மையான மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வடிவமைப்பில் பங்கு உண்டு என்று அவரே சொன்னால் அது குற்றமில்லை. அந்த மூட்டைப் பற்றி இன்னொருவர் எண்ணிய கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பொருத்தியான பிறகு

எடைபோடும் வேலை அறுவையோடு முடிவதில்லை. முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் எடுக்கும் படத்தை அதனோடு ஒப்பிட்டால்தான் நகர்வு தெரியும். எலும்புக் கரைவு ஆரம்பத்தில் வலிக்காது என்பதால், நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் படம் எடுத்துவிடுங்கள்.

உட்கார்ந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது தொடையிலோ கவட்டையிலோ வலி, புதிதாக நொண்டுவது, மூட்டருகே வீக்கம், நழுவுவது போன்ற உணர்வு இருந்தால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு சேர்ந்த வலியோ காயத்தில் நீர் கசிவதோ இருந்தால் அன்றே போங்கள். ஏற்கெனவே உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டு இருப்பவர்கள், வலி இல்லாவிட்டாலும், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பு லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறது. கூடவே மூட்டைச் சுற்றியுள்ள திசுவை ஸ்கேனும் செய்வார்கள்.

குறை ஏதும் வந்து மூட்டை மாற்ற வேண்டியிருந்தால், வெளியே எடுக்கும் பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் பாதுகாத்து ஆய்வுக்கு அனுப்பச் சொல்லலாம். கட்டுப்பாட்டு அமைப்புக்கு நோயாளியே நேரடியாகப் புகார் அனுப்பப் பல நாடுகளில் வழி இருக்கிறது. புகாரில் ஒட்டுச்சீட்டில் உள்ள மாடல் எண்ணையும் லாட் எண்ணையும் அறுவை நடந்த தேதியையும் எழுதுங்கள். அவை இருந்தால்தான் அதே தொகுப்பில் பொருத்தப்பட்ட மற்றவர்களையும் அவர்களால் தேடிப் பிடிக்க முடியும்.